நான் செய்யாத இணைச்சீர்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கருகிக்கொண்டிருந்தது. நான் பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் லேப்டாப்பும் காதில் ஹெட்போனுமாக உட்கார்ந்திருந்த என் கணவர், "ஏம்மா, தீயிற வாசம் இங்க வரைக்கும் வருது, உனக்கு வரலியா?" என்று கத்தினார். அப்போதுதான் திரும்பினேன். பாத்திரத்தின் அடி கறுத்துப்போய் புகை எழும்பிக்கொண்டிருந்தது.

அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயத்தை முகர்ந்தேன். பெருங்காய டப்பாவைத் திறந்து மூக்கை உள்ளே விட்டேன். காபித்தூள், சோப்பு, சாம்பிராணி, எதிலும் ஒன்றும் இல்லை. துவைக்கப் போட்டிருந்த அவருடைய பனியனைக்கூட எடுத்து முகர்ந்து பார்த்தேன். கல்யாணமாகி இருபது வருடத்தில் அந்தப் பனியனில் வாசமே இல்லாத நாள் அது ஒன்றுதான்.

அது மார்கழியின் கடைசிச் சனிக்கிழமை. சரியாக இரண்டு வாரம் கழித்து, தை மாத முகூர்த்தத்தில், என் தம்பிக்குக் கல்யாணம். அந்தக் கல்யாணத்தில் நான் இணைச்சீர் செய்ய வேண்டும்.

இணைச்சீர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில், தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளைக் கூப்பிட்டு அவன் பக்கத்தில் நிறுத்துவார்கள். சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் மணப்பெண்ணுக்குரிய கூறைச் சேலையை எடுத்து, ஒரு முனையை மாப்பிள்ளையிடமும் மறு முனையை அவன் அக்காவிடமோ தங்கையிடமோ கொடுப்பார். மொத்தமே கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். பெண்டாட்டி வந்த பிறகும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று ஊர் பார்க்க ஒருவன் கூடப்பிறந்தவளுக்குச் சொல்வதுதான் அது. பிறந்த வீட்டில் காடு மகனுக்கு, வீடு மகனுக்கு, மாடு கன்று மகனுக்கு. அந்தச் சேலையின் ஒரு முனை மட்டும் மகளுக்கு. அதையும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எனக்கு இருப்பது ஒரே தம்பி. என்னைவிட ஏழு வயது சின்னவன். சென்னிமலையில் பெட்ஷீட் வாங்கி வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிற வியாபாரம். அப்பா போன பிறகு அம்மாவும் அவனும் ஊரில் இருக்கிறார்கள். அவனுக்குப் பத்து வருடம் பெண் தேடினோம். தேடினோம் என்ன, தேடினேன். "பையன் சாஃப்ட்வேருங்களா?" என்பார்கள். இல்லை என்றதும் காபி ஆறுவதற்குள் ஜாதகத்தைத் திருப்பித் தந்துவிடுவார்கள். தலையில் வழுக்கை விழ ஆரம்பித்தபோது அவன் போட்டோ எடுத்துக்கொள்வதையே நிறுத்திவிட்டான். "அக்கா, இணைச்சீர் பண்ற ஆச இருந்தா சீக்கிரம் புடிச்சுக் குடுங்க, அப்பறம் ரெண்டு பேருக்கும் முட்டி வலி வந்துரும்" என்று சிரிப்பான். கடைசியில் அந்தியூர்ப் பக்கத்தில் இந்தப் பெண்ணைக் கண்டுபிடித்தது நான்தான். நான் கணக்கு நடத்தும் பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் வழியாக, கொரோனாவுக்கு நடுவில், போனிலேயே பேசிப் பேசி முடித்தேன். கார்த்திகையில் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டே உப்புச் சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்தோம். சீருக்குக் கட்ட அரக்கு நிறத்தில் ஒரு பட்டு எடுத்து, அளவு ரவிக்கை கொடுத்து ஜாக்கெட் தைத்து வாங்கி, பீரோவில் வைத்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீடு எப்படி இருந்தது என்றும் சொல்ல வேண்டும். சரவணம்பட்டியில் ஒரு அபார்ட்மெண்டில் இரண்டு படுக்கையறை வீடு. ஹாலில் அவர் ஆபீஸ். ஒரு அறையில் பத்தாவது படிக்கும் மகளுக்கு ஆன்லைன் கிளாஸ். இன்னொரு அறையில் நான் பீரோவில் வெள்ளைத்தாளை ஒட்டி அல்ஜீப்ரா நடத்திக்கொண்டிருப்பேன். மேலே காட்டன் சேலை, கீழே கால் சில்லிட்டுப் போகாமலிருக்க அவருடைய பழைய சாக்ஸ். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னல் இடுக்கில் விசில் அடிக்கும். மூன்று பேரும் ஒரே வீட்டில் ஆளுக்கொரு கதவைச் சாத்திக்கொண்டு, முன்பின் பார்த்திராத யாரிடமோ "கேக்குதுங்களா? கேக்குதுங்களா?" என்று கத்திக்கொண்டிருந்தோம். காலையில் கபசுரக் குடிநீர், மாலையில் நொச்சி இலை போட்டு ஆவி. பால் பாக்கெட்டை சோப்புத் தண்ணீரில் கழுவி வெயிலில் வைத்த பைத்தியக்காரத்தனத்தையும் நான் செய்தேன். மற்றவர்களெல்லாம் ஐப்பசியிலேயே விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. விதி என்று ஒன்று போட்டால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிற ஜாதி நான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆடியில் எங்களுக்குக் கீழ்வீட்டில் கொரோனா வந்து வாசலில் தகரம் அடித்தார்கள். அந்த வீட்டுக்காரர் பன்னிரண்டாம் நாள் மொட்டைமாடிக்குத் துணி காயப்போட வந்தார். "இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்குதுங்க" என்று படிக்கட்டில் நின்று சொன்னது நான்தான். அவர் ஈரத்துணியோடு அப்படியே இறங்கிப் போனார். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்கூட உறுத்தவில்லை. சரியானதைச் சொன்னேன் என்றுதான் நினைத்தேன்.

வாசம் போன அன்றைக்கே அம்மாவுக்குப் போன் செய்தேன். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"காச்ச இருக்குதா?"

"லேசா இருக்குதும்மா. ஒடம்பு வலி."

"அப்ப ஒண்ணுமில்ல. பனி. ஒரு மாத்திரயப் போட்டுக்கிட்டுக் கம்பளியப் போத்திப் படு. டெஸ்ட்டு கிஸ்ட்டுன்னு எங்கியும் போயிராத. ஆருகிட்டயும் சொல்லாத. உன்ற வாயி இருக்குதே, அதுக்குப் பூட்டப் போட்டுக்க."

என் வாய் அம்மாவுக்குப் பழைய பிரச்சினை. எனக்கு எட்டு வயதிருக்கும்போது வீட்டுக்கு ஒறம்பரையாக யாரோ சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். அம்மா வாசலில் நின்று, "காப்பித்தூளு தீந்துபோச்சுங்க, இல்லீனா ஒரு வாய் காப்பி குடிச்சுட்டுப் போலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் உள்ளேயிருந்து டப்பாவோடு ஓடிவந்து, "நெறயா இருக்குதேம்மா!" என்றேன். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுத்தான் போனார்கள். அவர்கள் தெருமுனை திரும்பியதும் விழுந்த அறை இன்னும் காதில் கேட்கிறது. "ஒரு பொய்யச் சொல்லத் துப்பில்லாத புள்ள, எங்க போய்ப் பொழைக்கப் போற" என்று அன்றிலிருந்து ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். தம்பியைத் தடவிக்கொண்டு "நல்ல புள்ள, எஞ் சொல்லுத் தட்ட மாட்டான்" என்பாள். அந்த வார்த்தை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை.

இரண்டு நாள் யோசித்தேன். என் கணவரும் அம்மா கட்சிதான். "உங்கம்மா சொல்றதும் ஒரு வகைல நாயந்தானே" என்றார். ஆனால் பெண்ணின் அப்பாவுக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்திருந்தது. அம்மாவுக்கே சர்க்கரை. நான் போய்ச் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு நின்று, அந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அதோடு, மனசுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. இல்லை என்று ஒரு சீட்டு வந்துவிட்டால் நிம்மதியாகக் கல்யாணத்துக்குப் போய்வரலாமே. திங்கட்கிழமை போய் மூக்கில் குச்சியை விட்டுக்கொண்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் ரிசல்ட் வந்தது. இருக்கிறது.

டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து பதினான்கு நாள் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்றார்கள். விரல் விட்டு எண்ணினேன். கல்யாணம் பதிமூன்றாம் நாள்.

"எடுத்துப்போட்டயா?" என்றாள் அம்மா. "எடுக்க வேண்டாம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனே, எடுத்துப்போட்டயா?" அழுதாளா, திட்டினாளா என்று எனக்கே தெரியவில்லை. "முப்பத்தாறு வயசு அவனுக்கு. கொரோனான்னு காதுல உழுந்தா அவிங்க கல்யாணத்தையே நிறுத்திப்போடுவாங்க. அப்பறம் ஆனி ஆவணின்னு இழுக்கும். அதுக்குள்ள அந்தப் புள்ளைக்கு ஒரு சாஃப்ட்வேர்காரன் வந்துருவான். நீ அங்கயே இருந்துக்க கண்ணு. ஊட்ட விட்டு வராத."

"அப்ப இணைச்சீரு?"

"அத நான் பாத்துக்கறேன்."

"நான் வரலீன்னா அவங்க கேப்பாங்களேம்மா. என்ன சொல்லப் போறே?"

"அதயும் நான் பாத்துக்கறேன். நீ ஒண்ணும் பேசாம இரு, அது போதும்."

நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அல்ஜீப்ரா நடத்திய அதே அறை. கட்டிலில் தம்பி தந்த சென்னிமலைப் பெட்ஷீட், நீலத்தில் மயில் போட்டது. மகள் வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு, அதில் தட்டை வைத்துவிட்டு, கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள். பொங்கலன்றைக்கும் அப்படித்தான். சர்க்கரைப் பொங்கலை வாயில் போட்டேன். நெய் வாசம் இல்லை, ஏலக்காய் வாசம் இல்லை. சூடான கஞ்சிக் கட்டி மாதிரி இருந்தது. "எப்படிம்மா இருக்கு? நானே வெச்சேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து கேட்டாள். உள்ளதைச் சொல்லித் தொலைத்தேன். அவள் காலடிச் சத்தம் ஹால் பக்கம் போய்விட்டது. எனக்கு என்னையே பிடிக்கவில்லை.

தினமும் காலை பத்து மணிக்கு ஒரு போன் வரும். வீட்டில் தனிமையில் இருப்பவர்களை விசாரிக்கிற வேலைக்கு வைத்திருந்த ஏதோ ஒரு பெண். பெயர் கேட்டதில்லை. "அம்மா வணக்கமுங்க, இருமலு இருக்குதுங்களா? மூச்சு வாங்குதுங்களா? ஆக்ஸிஜன் எவ்வளவு காட்டுதுங்க?" அவள் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதைக் கேட்டாளோ. ஆனாலும் கேட்டாள். அந்தப் பன்னிரண்டு நாளில் என் தம்பி எனக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. "டேக் ரெஸ்ட் அக்கா" என்று ஒரு மெசேஜும், கும்பிடுகிற கை பொம்மை இரண்டும் வந்தன. கும்பிட்ட கை எனக்கு எதற்கு? நான் என்ன சாமியா, செத்துப்போனவளா?

எட்டாம் நாள் காய்ச்சல் சுத்தமாக நின்றுவிட்டது. பத்தாம் நாள், போனில் விசாரிக்கும் அந்தப் பெண்ணிடம் வெட்கத்தைவிட்டுக் கேட்டேன். "ஏனுங்க அம்மணி, பதிமூணாம் நாள் என்ற தம்பிக்குக் கல்யாணம். காச்ச நின்னுபோச்சு. தள்ளி நின்னுட்டு வந்தர்லாமுங்களா?"

"பதினாலு நாளு முடியோணுமுங்க. நாஞ் சொல்றதுக்கு என்னங்க இருக்குது, எனக்குக் குடுத்திருக்கறதத்தானுங்க படிக்கறேன்." பிறகு மெதுவாக, "கூடப்பொறந்த தம்பிங்களா?" என்றாள்.

"ஒரே தம்பிங்க."

"அய்யோ" என்றாள். அந்த அய்யோவுக்காக எனக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

கீழ்வீட்டுக்காரர் ஈரத்துணியோடு இறங்கிப் போனது அன்றைக்குத்தான் ஞாபகத்துக்கு வந்தது. இன்னும் ரெண்டு நாள் பாக்கி இருக்குதுங்க. என் வாயால் நான் சொன்னது.

அன்று மத்தியானம் நானே தம்பியைக் கூப்பிட்டேன். பின்னால் பந்தல்காரர்களின் சத்தம் கேட்டது. எனக்கு என்ன வேண்டியிருந்தது என்று நன்றாகத் தெரியும். என்னைக் கூப்பிட வேண்டும் என்றுகூட இல்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டேன். "நீங்க இல்லாம எப்படிங்கக்கா நிக்கறது" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளைத் தள்ளிவிடுவேன்.

"அக்கா, எப்படி இருக்கறீங்க? மாத்தரையெல்லாம் போடறீங்களா?"

"போடறேன். சீரு யாரு செய்யறா?"

"அது... சித்தப்பா மக செய்யறேன்னு சொல்லிருச்சுங்கக்கா. அம்மா எல்லாம் பேசிட்டாங்க."

"நீ என்ன சொன்னே?"

"நான் என்னத்தச் சொல்றதுங்கக்கா. அம்மா சொன்னாச் சரிதானே." பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். "லைட்டு போடற ஆளு வந்திருக்காங்க, அப்பறம் கூப்புடறேன்."

கூப்பிடவில்லை. இன்றுவரை அந்த "அப்பறம்" வரவில்லை.

பதிமூன்றாம் நாள் விடியற்காலையில் என் கணவரும் மகளும் வேறு வீட்டில் குளித்துக் கிளம்புவதுபோல, என் அறைக் கதவைத் திறக்காமலே கிளம்பினார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் டெஸ்டில் இல்லை என்று வந்திருந்தது. மாமன் கல்யாணத்துக்கு அவளாவது போகட்டும் என்று நான்தான் சொன்னேன். அம்மாவும் அவர்களை வரச்சொல்லிவிட்டாள். வீட்டில் ஒருத்தருமே வராவிட்டால் சந்தேகம் வருமாம். கிளம்புகிற நேரத்தில் "அங்க யாருகிட்டயும் ஒண்ணும் பேசிக்க வேண்டாம்னு பாட்டி சொல்லிருக்குது" என்று மகள் எனக்குக் கதவு வழியாகச் சொன்னாள்.

நான் எழுந்து தலைக்குக் குளித்தேன். பீரோவிலிருந்து அந்த அரக்குப் பட்டை எடுத்துக் கட்டினேன். கோபத்தில் கட்டினேன். தலையில் வைக்கப் பூ இல்லை. கட்டில் முனையில் உட்கார்ந்து, ஆன்லைன் கிளாஸுக்கு வைத்திருந்த ஸ்டாண்டில் போனைப் பொருத்தி, மகள் போட்ட வீடியோ காலில் என் தம்பி கல்யாணத்தைப் பார்த்தேன்.

ஐம்பது பேர்தான் என்று அனுமதி வாங்கியிருந்தார்கள். இருநூறு பேருக்குக் குறையாது. முகக்கவசம் போட்டிருந்தவர்களை எண்ண இரண்டு கை விரல் போதும். அதுவும் பாதி தாடையில் கிடந்தது. அருமைக்காரர் சேலையை விரித்தார். சித்தப்பா மகள் என் இடத்தில் நின்றாள். நல்ல பெண்தான், அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. சேலை முனையைக் கையில் வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தாள். தம்பியின் முகம் எனக்குத் தெரியவில்லை. குறுக்கே யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். சேலை மட்டும் தெரிந்தது, நடுவில் தொய்ந்து. சிக்னல் போய், படம் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி வந்தபோது தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

பத்து மணிக்குப் போன் அடித்தது. "அம்மா வணக்கமுங்க, மூச்சு வாங்குதுங்களா?" என்று தொடங்கியவள், எல்லாக் கேள்வியும் முடிந்த பிறகு, "இன்னிக்குத் தானுங்களே தம்பி கல்யாணம்? நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்றாள். அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. பட்டுச் சேலை நனைய அழுதேன். அவள் போனை வைக்கவில்லை. "அழுகாதீங்க, ஆக்ஸிஜன் கொறஞ்சுருமுங்க" என்றாள். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்துச் சித்தப்பா மகள் போன் செய்தாள். ஊர்ப்பேச்செல்லாம் பேசிவிட்டுச் சிரித்தபடி சொன்னாள்: "அக்கா, பெரியம்மா எங்கிட்ட விஷயத்தச் சொல்லிட்டாங்க. உங்களுக்கு மட்டுமா? கல்யாணத்துக்கு நாலு நாள் முந்தியிருந்து எனக்கும் வாசமே தெரியல. நாந்தான் வாயத் தொறக்கல. மாத்தரையப் போட்டுட்டு வந்து நின்னுட்டேன். ஒண்ணும் ஆகலீங்களே!"

ஒன்றும் ஆகவில்லைதான். பெண்ணின் அப்பா நன்றாக இருந்தார். அம்மாவுக்கு இரண்டு நாள் இருமல், அதுவும் பனி என்று போய்விட்டது. டெஸ்ட் எடுக்காதவர்கள் யாருக்கும் கொரோனா இல்லை. ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. போனை வைத்த பிறகு எனக்கு ஒரு எண்ணம் வந்தது. எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். பெரிதாக வேண்டாம், கொஞ்சமாக. நான் வராமலிருந்தது சரி என்று ஒருத்தராவது சொல்கிற அளவுக்கு. ஒரு கணம்தான். ஆனால் நினைத்தேன்.

மாசியில் தம்பியையும் அவன் மனைவியையும் விருந்துக்கு அழைத்தோம். எனக்குப் பாதி வாசம் திரும்பியிருந்தது. பெருங்காயம் தெரியும், பூ தெரியாது. விடிகாலையிலிருந்து சமைத்தேன். பருப்பு, கொத்தவரை, அரிசிம்பருப்புச் சாதம், வடை, பாயசம். அவர்கள் வந்தார்கள். தம்பி புதுச் சட்டையும் ஒரு சுற்று சதையுமாக இருந்தான். கையில் பெட்ஷீட் பார்சல். அந்தப் பெண் காலில் விழுந்தாள். "நல்லா இருங்க கண்ணு" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். நான் தேடிப் பிடித்த பெண்.

ஆனால் அவள் என்னிடம் ஒட்டவில்லை. கேட்டதற்குப் பதில், கொடுத்ததை வாங்கிக்கொள்வது, அவ்வளவுதான். நிச்சயத்துக்கு முன்னால் போனில் மணிக்கணக்காக என்னோடு பேசியவள். புது இடம், கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எடுத்துக்கொண்டு என் பின்னால் சமையலறைக்கு வந்தாள். வாசலை ஒட்டி வெளியே வாஷ்பேசினில் தம்பி கை கழுவிக்கொண்டிருந்தான். அவள் தட்டை வைத்துவிட்டு, சேலை முனையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை நங்கையா என்று கூப்பிடுவார்கள்.

"நங்கையா, ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளு கண்ணு."

குரலைத் தாழ்த்தினாள். "கல்யாணத்தன்னைக்கு நீங்க ஊட்டுக்குத் தூரம்னு அத்த சொன்னாங்க. அதனாலதான் சீருக்கு வர முடியலீன்னு." சேலை முனையை விரலில் சுற்றினாள். "தேதி ரெண்டு மாசம் முந்தியே தெரியுமுங்களே. எங்க பெரியம்மா பொண்ணெல்லாம் பத்து நாள் முன்னாடியே மாத்தர போட்டுத் தள்ளி வெச்சுட்டு வந்துருந்தாங்க. நீங்க ஒரு மாத்தர போட்டுருக்கக் கூடாதுங்களா? எங்கம்மா எங்கிட்டக் கேட்டாங்க. ஒரே தம்பிக்கு இணைச்சீரு செய்யறதுக்கு ஒரு மாத்தர போட முடியாதான்னு. அவிங்களுக்கு உன்னயப் புடிக்கலியோன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலீங்க."

அம்மா பார்த்துக்கொண்டது இப்படித்தான். அந்த வருடத்தில் காய்ச்சல் என்று சொல்ல முடியாது, சளி என்று சொல்ல முடியாது, தலைவலி என்றால்கூட எதிராளி நாலடி தள்ளி நிற்பான். எந்தப் பயமும் இல்லாமல் ஒரு பெண்ணை வீட்டோடு நிறுத்தி வைக்க இருந்த ஒரே காரணம் அதுதான். அம்மா சரியாகத்தான் யோசித்திருக்கிறாள். கல்யாணத்துக்கென்று மாத்திரை போட்டு மாதவிலக்கைத் தள்ளி வைப்பார்கள் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

வாய் நுனி வரைக்கும் வந்துவிட்டது. பீரோவில் அந்தப் பட்டுச் சேலைக்கு அடியில் ரிசல்ட் சீட்டு இருக்கிறது. எடுத்துக் காட்ட ஒரு நிமிடம் ஆகாது. உங்கப்பாவுக்காகத்தான் அம்மணி நான் வரவில்லை என்று சொன்னால் போதும்.

வாஷ்பேசினில் குழாய் நின்றுவிட்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். தம்பி ஈரக்கையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். எல்லாம் கேட்டிருக்கிறது. என்னைப் பார்த்தான். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு, அம்மாவிடம் சொல்லாதே என்று என்னைப் பார்க்கிற அதே பார்வை. நான் காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். அவன் சொல்ல வேண்டும். "அக்காவுக்கு அன்னிக்கு ஒடம்பு சரியில்ல" என்று அரைகுறையாகச் சொன்னாலும் போதும், மிச்சத்தை நான் கட்டிக்கொள்வேன். அவன் திரும்பி மறுபடியும் குழாயைத் திறந்தான். கழுவின கையையே மறுபடி கழுவினான்.

"மறந்துபோச்சு கண்ணு" என்றேன். என் குரல்தான் அது. "ஆன்லைன் கிளாசு, பேப்பர் திருத்தறதுன்னு தலைக்கு மேல வேல. நாளே ஞாபகத்துல இல்ல. தப்பு எம் பேர்லதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பரவாயில்லீங்க நங்கையா" என்றாள். பரவாயில்லை என்று அவள் முகத்தில் எங்கேயும் இல்லை. அம்மாவிடம் போய்ச் சொல்ல ஒரு பதில் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு நான்கு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். தம்பி செருப்பு மாட்டும்போது, "வாரேனுங்கக்கா" என்றான், குனிந்த தலை நிமிராமல்.

அவர்கள் போய் அரை மணி நேரத்தில் அம்மா போன் செய்தாள். தம்பி பஸ்ஸிலிருந்தே சொல்லியிருப்பான்.

"அந்தப் புள்ள ஏதோ கேட்டாளாமா?"

"கேட்டா."

"என்ன சொன்னே?"

"மாத்தர போட மறந்துட்டேன்னு சொன்னேன்."

அம்மா பெரிதாக ஒரு மூச்சு விட்டது போனில் கேட்டது. "நல்ல புள்ள" என்றாள். "எஞ் சொல்லுத் தட்டாத நல்ல புள்ள."

எனக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது.